கண்டதும் சொன்னதும்: ஜஸ்தேவ் சிங்கின் இந்தி நேர்முக வருணனை – ஒரு திறனாய்வு

முன்னுரை

இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் எழுத்தில் நிலைபெற்ற ஆக்கங்களையே தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டு வந்துள்ளது. வாய்மொழிக்கு இடம் தரும்போதும் நாட்டுப்புறப் பாடல், கதைப்பாடல், பழமொழி ஆகியவற்றோடு அது நின்றுவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் வானொலி தோற்றுவித்த ஒரு புதிய வாய்மொழி உரைநடை நம் பார்வைக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அதுவே நேர்முக வருணனை. திடலில் நிகழ்வதை, அது நிகழும் நேரத்திலேயே, அதனைக் காண இயலாத பல்லாயிரம் பேருக்குச் சொல்லால் காட்டும் கலை அது.

இக்கலையை இந்தி மொழியில் வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜஸ்தேவ் சிங். கிரிக்கெட் வருணனையில் ரவி சதுர்வேதி, சுஷீல் தோஷி ஆகியோர் புகழ்பெற்றதைப் போல, ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்து வருணனையில் நிலைத்த பெயர் அவருடையது. அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் அவருடைய குரலின் கம்பீரத்தையும் வேகத்தையும் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றன. குரல் இயற்கை தந்தது. மொழியோ அவர் தேர்ந்தது. எனவே இக்கட்டுரை அவருடைய மொழியை முதன்மையாக எடுத்துக்கொண்டு, அதன் ஆற்றல் எங்கே வெளிப்பட்டது, எங்கே தளர்ந்தது என்பதை ஆராய முற்படுகின்றது. அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த தருணங்களுள் ஒன்று 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் அமைந்தது என்பது மலேசியத் தமிழருக்கு இவ்வாய்வைக் கூடுதலாக நெருக்கமாக்குகின்றது.

குரல் உருவான பின்புலம்

1948ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ அகில இந்திய வானொலியில் ஆங்கிலத்தில் வருணித்தார். ஏறத்தாழ ஏழு மணி நேரம் நீண்ட அவ்வருணனையைக் கேட்டவர்களுள் இராசஸ்தானத்துச் சீக்கிய இளைஞரான ஜஸ்தேவ் சிங்கும் ஒருவர். தாமும் ஒரு வருணனையாளர் ஆவதென்றும், ஆனால் இந்தியில் வருணிப்பதென்றும் அன்றே தம் தாயிடம் கூறியதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவரை ஆட்கொண்ட முதல் வருணனை விளையாட்டைப் பற்றியதன்று. ஒரு நாட்டின் துயரத்தைப் பற்றியது. இந்தியாவில் நேர்முக வருணனை என்னும் கலையே விளையாட்டுத் திடல், அரசு விழா என்னும் இரு தளங்களில் ஒருசேர வளர்ந்தது. ஜஸ்தேவ் சிங்கின் வாழ்வும் அவ்விரு தளங்களிலும் நடந்தது. 1955இல் செய்ப்பூர் வானொலியில் சேர்ந்த அவர், எட்டாண்டுகளுக்குப் பின் தில்லிக்கு மாறினார். 1963 முதல் விடுதலை நாள், குடியரசு நாள் விழாக்களின் வருணனையாளராக விளங்கினார். ஒன்பது ஒலிம்பிக் போட்டிகளையும், எட்டு வளைகோற்பந்து உலகக் கிண்ணப் போட்டிகளையும், ஆறு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையும் வருணித்தார். 1985இல் பத்மஸ்ரீ, 2008இல் பத்மபூஷண் ஆகிய விருதுகளோடு அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் ஒலிம்பிக் ஆர்டர் விருதும் அவருக்குக் கிட்டியது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் ‘மைன் ஜஸ்தேவ் சிங் போல் ரஹா ஹூன்’ என்பதாகும். ‘நான் ஜஸ்தேவ் சிங் பேசுகிறேன்’ என்பது இதன் பொருள். ஒலிவாங்கியின்முன் அவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் தொடரே நூற்பெயராயிற்று. அத்தொடரின் வினை நிகழ்காலத் தொடர்வினை என்பது கருதத்தக்கது. எழுதி வைத்த நூலுக்கும் ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்றே பெயரிட்டவர் அவர். தம் கலை நிகழ்காலத்தில் மட்டுமே உயிர்வாழ்வது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

வினை பின்வரும் மொழியும் விரையும் பந்தும்

இந்தியும் தமிழும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சார்ந்தவை. எனினும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் சொல்வரிசையில் இரண்டும் ஒத்தவை. வினைமுற்று வாக்கியத்தின் இறுதியிலேயே வருகின்றது. ஆங்கில வருணனையாளர் ஆட்டக்காரரின் பெயரை அடுத்து வினையைச் சொல்லிவிட முடியும். இந்தி வருணனையாளரும் தமிழ் வருணனையாளரும் பெயர், பொருள், இடம், திசை அனைத்தையும் சொன்ன பிறகே வினையை அடைகின்றனர். அதற்குள் பந்து வேறொருவரின் கோலுக்குச் சென்றிருக்கும்.

இந்திய மொழிகளில் வளைகோற்பந்தை வருணிப்போர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுவே. இதற்கு அவர்கள் கண்ட தீர்வு வினையை நீக்குவது. ‘பந்து கோவிந்தாவிடம், கோவிந்தாவிடமிருந்து அசோக் குமாரிடம், வலப்பக்கம், மீண்டும் நடுவே’ என்று பெயரும் வேற்றுமை உருபும் மட்டுமே கொண்ட தொடர்கள் பந்தைப் பின்தொடர்கின்றன. (இது அமைப்பை விளக்குவதற்காகக் கட்டுரையாளர் அமைத்த எடுத்துக்காட்டாகும்.) இந்தியில் ‘கே பாஸ்’, ‘ஸே’ என்னும் பின்னுருபுகள் இப்பணியைச் செய்கின்றன. வினை இல்லாத இத்தொடர்களை இலக்கணம் குறைத் தொடர்கள் என்னும். வானொலி கேட்பவருக்கோ அவை குறையுடையன அல்ல. பந்தின் ஓட்டமே அங்கு வினையாகின்றது. ஜஸ்தேவ் சிங்கின் புகழ்பெற்ற வேகம் வெறும் நாவின் வேகம் அன்று. எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அறிந்த தொடரமைப்பின் வேகம்.

இந்தி இலக்கணத்தின் மற்றொரு கூறும் இங்கு எண்ணத்தக்கது. முற்றுப்பெற்ற செயலைக் குறிக்கும் செயப்படுபொருள் குன்றா வினை வருமானால், அதன் எழுவாய் ‘நே’ என்னும் உருபை ஏற்கும். நடந்துகொண்டிருக்கும் செயலானால் ஏற்காது. ஆகவே வருணனையாளர் ‘அசோக் குமார் நே’ என்று சொன்ன நொடியிலேயே ஏதோ ஒன்று நிகழ்ந்து முடிந்துவிட்டது என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகின்றது. என்ன நிகழ்ந்தது என்பது மட்டும் வாக்கிய இறுதிவரை மறைந்திருக்கும். ஓர் உருபுக்கும் ஒரு வினைமுற்றுக்கும் இடைப்பட்ட அச்சிறு இடைவெளியில்தான் பல்லாயிரம் பேரின் மூச்சு நிற்கின்றது. குரலை ஏற்றி அவ்விடைவெளியைத் தாங்கிப் பிடிப்பதில் ஜஸ்தேவ் சிங் வல்லவர்.

தமிழில் இவ்வாய்ப்பு வேறு வகையில் அமைகின்றது. எழுவாய் உருபேற்பதில்லை, ‘அசோக் குமார்’ என்ற அளவில் செயல் முடிந்ததா, தொடர்கின்றதா என்பது புலப்படாது. ‘அடிக்கிறார்’, ‘அடித்தார்’, ‘அடித்துவிட்டார்’ என வினையின் ஈறே அனைத்தையும் தீர்மானிக்கின்றது. அதற்கு ஈடாகத் தமிழுக்கு வினையெச்சம் வாய்த்துள்ளது. ‘வாங்கி, திருப்பி, ஒருவரைக் கடந்து, இன்னொருவரையும் கடந்து’ என்று முடிவைத் தள்ளிக்கொண்டே செல்ல முடியும். இந்தியிலும் ‘கர்’ ஈற்றெச்சம் இப்பணியை ஓரளவு செய்கின்றது. இலக்கண வகுப்பில் வினையெச்சம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு விளையாட்டு வருணனையைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

கிரிக்கெட் வருணனையோடு ஓர் ஒப்பீடு

கிரிக்கெட் வருணனையின் சிக்கல் முற்றிலும் வேறானது. அங்கு ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் இடையே ஓய்வு உண்டு. வளைகோற்பந்தில் நேரம் போதாது. கிரிக்கெட்டில் நேரம் மிகும். அம்மிகுதியை நிரப்பக் கலைச்சொல்லும் உவமையும் வரலாற்றுச் செய்தியும் தேவைப்படுகின்றன. தில்லியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ரவி சதுர்வேதியும், இந்தூரைச் சார்ந்த சுஷீல் தோஷியும் இத்தேவையை நிறைவு செய்த முன்னோடிகள். முன்னவர் 2012இலும் பின்னவர் 2016இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். இந்தூர் ஹோல்கர் அரங்கின் வருணனையாளர் அறைக்குச் சுஷீல் தோஷியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இந்திக் கிரிக்கெட் கலைச்சொற்களில் மூன்று அடுக்குகளைக் காணலாம். ‘பல்லேபாஸ்’ (மட்டையாளர்), ‘கேந்த்பாஸ்’ (பந்துவீச்சாளர்) என்பன பாரசீக ஈறு பெற்றவை. ‘க்ஷேத்ரரக்ஷண்’ (களத்தடுப்பு), ‘பக்பாதா’ (பந்து காலில் பட்டு ஆட்டமிழத்தல்) என்பன வடமொழி வழிப்பட்ட ஆக்கங்கள். ‘ரன்’, ‘ஓவர்’, ‘விக்கெட்’ என்பன ஆங்கிலத்திலிருந்து அப்படியே ஏற்கப்பட்டவை. இவற்றுள் எது நிலைக்கும் என்பதைச் சொல்லாக்கக் குழுவைவிட ஒலிவாங்கியே மிகுதியும் முடிவு செய்தது. நாவில் தடையின்றி உருளும் சொல் நிலைத்தது; அல்லாதது அகராதியில் தங்கியது. தமிழில் ‘பந்துவீச்சாளர்’, ‘ஓட்டம்’, ‘களத்தடுப்பு’ ஆகியவை வேரூன்றியதும், இலங்கைத் தமிழில் ‘துடுப்பாட்டம்’ என்னும் தனி மரபு உருவானதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. சென்னை வானொலியில் தமிழ்க் கிரிக்கெட் வருணனையை மக்களிடம் கொண்டு சேர்த்த அப்துல் ஜப்பார் போன்றோரின் பணியும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

அகில இந்திய வானொலியின் கிரிக்கெட் ஒலிபரப்பில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வருவது நெடுங்கால வழக்கம். இந்தி அறியாத தமிழ்நாட்டு நேயர், இந்தி முறை வரும்போது எண்களையும் பெயர்களையும் திடலின் ஆரவாரத்தையும் கொண்டே ஆட்டத்தை ஊகித்துக்கொண்டனர். ஒரு மொழி பரவுவதை அரசியலாக மட்டுமே நாம் பேசி வந்துள்ளோம். அவ்வரசியல் உண்மையானது, அதற்குக் காரணங்களும் உள. ஆனால் ஆணையால் வந்த மொழியும் ஆட்டத்தால் வந்த மொழியும் கேட்பவர் உள்ளத்தில் ஒரே இடத்தைப் பெறவில்லை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

1975: கோலாலம்பூர்

மூன்றாம் உலகக் கிண்ண வளைகோற்பந்துப் போட்டி 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கோலாலம்பூரில் நடைபெற்றது. அரையிறுதியில் இந்தியா மலேசியாவைச் சந்தித்தது. மலேசியா 2–1 என முன்னணியில் இருந்த நிலையில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் ஆட்ட முடிவை நெருங்கும் வேளையில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் புகுத்தினார். மார்ச்சு 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் முதலில் பாகிஸ்தான் முந்தியது. இடைவேளைக்குப் பின் சுர்ஜித் சிங் சமன் செய்ய, தியான் சந்தின் மகனான அசோக் குமார் இரண்டாவது கோலைப் புகுத்தினார். 2–1 என்ற கணக்கில் இந்தியா தன் முதல் உலகக் கிண்ணத்தை வென்றது.

அன்றைய இந்தியாவில் தொலைக்காட்சி சில நகரங்களுக்கே உரியதாக இருந்தது. சென்னைக்கு அது அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் வந்தது. ஆதலால் இவ்வெற்றியை இந்தியா கண்ணால் காணவில்லை, காதால் கண்டது. அக்காட்சியைத் தந்த குரல்களுள் முதன்மையானது ஜஸ்தேவ் சிங்குடையது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் உட்பகுதியில் பட்டு வெளியே தெறித்தது. அது கோல் அன்று எனப் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் வாதிட்டனர். மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன் அதனைக் கோல் என அறிவித்தார், அத்தீர்ப்பே நிலைத்தது. பந்து கம்பத்தில் பட்டதற்கும் நடுவரின் ஊதல் ஒலித்ததற்கும் இடைப்பட்ட கணத்தில் வருணனையாளர் என்ன சொல்ல வேண்டும்? கண்டதைச் சொல்வதா, காண விரும்பியதைச் சொல்வதா? நேர்முக வருணனையின் அறச்சிக்கல் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியுள்ளது.

இந்தியில் வருணனைக்கு ‘ஆங்க்கோ தேக்கா ஹால்’ என்று பெயர். ‘கண்களால் கண்ட நிலைமை’ என்பது அதன் பொருள். தமிழில் ‘நேர்முக வருணனை’ என்கிறோம். ‘வருணனை’ என்னும் சொல் அணியை நினைவூட்டுகின்றது. இந்திப் பெயரோ சாட்சியத்தை நினைவூட்டுகின்றது. இவ்விரண்டில் வானொலிக் கலையின் இயல்புக்கு நெருக்கமானது இந்திப் பெயரே எனத் தோன்றுகின்றது.

நம் இலக்கியத்தில் இதற்கு இணையான ஓர் அமைப்பு உண்டு. கலிங்கத்துப் பரணியில் கலிங்கப் போரின் செய்தியைக் காளிக்குச் சொல்வது ஒரு பேய். காளி போரை நேரில் காணவில்லை; பேயின் சொல்லாலேயே காண்கின்றாள். வடமொழிக் காப்பியத்தில் பார்வையற்ற மன்னனுக்குச் சஞ்சயன் போரைச் சொல்வதும் இத்தகையதே. ஆயினும் பரணியின் பேய்க்கும் வானொலி வருணனையாளருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பேய்க்கு வெற்றி யாருடையது என்பது தெரியும். அதன் சொற்கள் அனைத்தும் அவ்வெற்றியை நோக்கியே நடக்கின்றன. வருணனையாளருக்கோ அடுத்த நொடி தெரியாது. கேட்பவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே அறியாமையில் ஒன்றாக நிற்கின்றனர். காப்பியப் புலவனுக்கு வாய்க்காத இக்கூட்டுத் தவிப்பே நேர்முக வருணனையின் தனிச்சுவை. ஜஸ்தேவ் சிங்கின் வளைகோற்பந்து வருணனை உயர்ந்தது இதனால்தான்: அவர் தாமும் அறியாதவராக நின்று பேசினார்.

எனினும் அவர் இந்தியாவின் வானொலியிலிருந்து, இந்திய நேயருக்காகப் பேசினார் என்பதையும் மறத்தல் ஆகாது. அரையிறுதியில் அக்குரல் தழுவிய தவிப்பு ஒரு பக்கத்தின் தவிப்பே. அதே ஆட்டத்தில் பூன் பூக் லோக், ஸ்ரீ சண்முகநாதன் முதலியோரோடு தோல்வியைச் சந்தித்த மலேசிய அணிக்கும் ஒரு தவிப்பு இருந்தது. அந்த ஆட்டத்தை வேறொரு மொழியில், வேறொரு பக்கத்திலிருந்து கேட்டவருக்கு வேறொரு காவியம் கிடைத்திருக்கும். எந்த வருணனையும் ஒரு திசையில் அமர்ந்தே ஆட்டத்தைக் காண்கின்றது. அத்திசையை அறிந்து கேட்பதே திறனாய்வு.

விழா மொழியும் ஆட்ட மொழியும்

ஜஸ்தேவ் சிங்கின் மற்றொரு முகம் குடியரசு நாள் வருணனை. அங்கு அவருடைய மொழி நிதானமானது. வானிலை, பருவத்தின் அழகு, தில்லியின் வரலாறு, வீரர்களின் தியாகம் என அணிவகுப்பைப் போலவே சொற்களும் வரிசை குலையாமல் வரும். உருதுச் சொல்லின் மென்மையும் வடமொழிச் சொல்லின் மிடுக்கும் கலந்த அந்நடையைக் கேட்டு இந்தி ஒலிப்பைக் கற்றவர் பலர். பொதுமொழியின் செம்மையைக் காத்ததில் அதன் பங்கு பெரிது.

ஆயின் திறனாய்வு நோக்கில், அவருடைய மொழி தளர்வது இவ்விடத்தில்தான். விழாவில் அடுத்து வருவது என்ன என்பது அனைவரும் அறிந்தது. அறியாமை இல்லாத இடத்தில் தவிப்பும் இல்லை. தவிப்பு இல்லாத இடத்தை அணிகளே நிரப்பின. ஆண்டுதோறும் அதே பாதையில் அதே அணிவகுப்பை வருணிக்கும் குரல், கண்டதைச் சொல்வதிலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு நகர்ந்துவிடுகின்றது. இது தனி ஒருவரின் குறையன்று. அரசு ஊடகத்தின் விழா மொழிக்கே உரிய இயல்பு. பரணியின் பேய் முன்கூட்டியே முடிவு அறிந்திருந்ததைப் போல, விழா வருணனையாளரும் முடிவை அறிந்தே பேசுகின்றார்.

தொலைக்காட்சியின் பரவலும் இக்கலைக்கு ஒரு சோதனையாயிற்று. 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கண் காண்பதை வாய் மீண்டும் சொன்னால் அது கூறியது கூறல் ஆகின்றது. வானொலியில் கட்டாயமாக இருந்த முழுமை, திரையின்முன் மிகையாகின்றது. வானொலியில் பயின்ற வருணனையாளர் தலைமுறை முழுவதும் மௌனத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சொல்லாமல் விடுவதில் திடலில் தேர்ந்தவராக விளங்கிய ஜஸ்தேவ் சிங்கிற்கும் அவர் காலத்தவர்க்கும் திரையின்முன் அத்தேர்ச்சி எளிதில் கைகூடவில்லை என்றே கூறத் தோன்றுகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஜஸ்தேவ் சிங்கின் பங்களிப்பு இரு நிலைகளில் அமைகின்றது. முதலாவது, வினை இறுதியில் வரும் ஓர் இந்திய மொழியை மிக வேகமான ஓர் ஆட்டத்திற்கு ஈடுகொடுக்குமாறு பழக்கியது. இரண்டாவது, முடிவறியாத கணத்தில் கேட்பவரோடு சேர்ந்து நின்று, கண்டதைச் சொல்லும் ஒழுக்கத்தை ஒரு கலையாக்கியது. விழா மேடையில் அவருடைய அணிநடை போற்றப்பட்டது உண்மையே. ஆயினும் எதிர்கால ஆய்வாளர்க்கு அவர் விட்டுச் சென்ற செல்வம், அணிகளை உதிர்த்துவிட்டுப் பந்தின் பின்னே ஓடிய அவ்வெறுமையான தொடர்களே.

இதில் தமிழாசிரியர்க்கும் ஒரு செய்தி உண்டு. பேச்சுத் திறன் பயிற்சி எனில் நம் வகுப்பறைகளில் எழுதி மனனம் செய்த உரையே பெரும்பாலும் அரங்கேறுகின்றது. மாணவர் முன்னரே முடிவறிந்த விழா மொழியைப் பயில்கின்றனர். முடிவறியாத ஆட்ட மொழியைப் பயில்வதில்லை. பள்ளித் திடலில் நடக்கும் ஒரு வளைகோற்பந்து ஆட்டத்தை, ஐந்து நிமிடம், இரு மாணவர் தமிழில் வருணிக்கட்டும். ஒருவர் ஓர் அணியின் பக்கமும் மற்றவர் எதிரணியின் பக்கமும் அமரட்டும். கேட்கும் மாணவர் திடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, தாம் ‘கண்டதை’ எழுதட்டும். வினையெச்சமும் வேற்றுமையுருபும் எதற்காக மொழியில் உள்ளன என்பதும், ஒரே ஆட்டம் இரு வாயில் இரு வேறு ஆட்டமாவதும் அன்று அவர்களுக்கு விளங்கும்.

வருணனை காற்றில் கரையும் கலை. அதனைப் பதிவு செய்வதும், எழுத்தில் பெயர்த்து ஆராய்வதும், மொழித்துறைகள் ஏற்க வேண்டிய பணி. இந்தி முன்னோடிகளின் குரல்களைப் போலவே, தமிழில் திடலிலிருந்து பேசியோரின் குரல்களும் ஒலிநாடாக்களோடு அழிந்துகொண்டிருக்கின்றன. அவை முற்றும் கரையுமுன் அவற்றுக்குச் செவி கொடுப்பது நம் கடமையாகும்.